இம்பீரியஸ் சாபம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாரி பாட்டர் கதைகளில் ‘மன்னிக்க முடியாத சாபங்கள்’ மூன்று. அவற்றில் இரண்டைப் பற்றி யாருக்கும் பெரிய சந்தேகம் வருவதில்லை. ஒன்று கொல்லும், இன்னொன்று வலியில் துடிக்க வைக்கும், அவ்வளவுதான். கேள்வியெல்லாம் மூன்றாவதான இம்பீரியஸ் மேல்தான் வருகிறது. அடிக்கடி காதில் விழுகிற கேள்விகளுக்கு, புத்தகங்களில் இருப்பதை வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஏழு புத்தகங்களின் முடிச்சுகளும் அவிழ்ந்துவிடும். இன்னும் படித்து முடிக்காதவர்கள் முடித்துவிட்டு வாருங்கள்.

இந்தச் சாபம் என்னதான் செய்யும்?

மந்திரக்கோலை ஒருவரை நோக்கி நீட்டி ‘இம்பீரியோ’ என்று சொன்னால், அவர் மந்திரம் போட்டவர் சொன்னபடியெல்லாம் ஆடுவார். கட்டளை, அதிகாரம் என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. கட்டளையை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, மனதில் நினைத்தாலே போதும்.

2000-இல் வெளிவந்த நான்காம் புத்தகத்தில்தான் இதை முதன்முதலில் விளக்கமாகப் பார்க்கிறோம். ஆசிரியர் மூடி ஒரு சிலந்தியை எடுத்து இந்தச் சாபத்தைப் போடுகிறார். சிலந்தி இழையில் தொங்கி ஊஞ்சலாடுகிறது, குட்டிக்கரணம் அடிக்கிறது, பின்கால்களில் நின்று நடனம் ஆடுகிறது. வகுப்பே சிரிக்கிறது. ‘உங்களுக்கு இதைச் செய்தால் சிரிப்பீர்களா?’ என்று மூடி கேட்டதும் சிரிப்பு நின்றுவிடுகிறது. இதை ஜன்னல் வழியாகக் குதிக்க வைக்கலாம், தண்ணீரில் மூழ்கிச் சாக வைக்கலாம், உங்களில் ஒருவர் தொண்டைக்குள் பாய வைக்கலாம் என்று அவர் அடுக்குகிறார். சிலந்தி அதுபாட்டுக்கு மேஜைமேல் உருண்டுகொண்டிருக்கிறது.

சாபத்தில் மாட்டியவருக்கு எப்படி இருக்கும்? வலிக்குமா?

வலிக்காது. சுகமாக இருக்கும். எனக்கு இந்தச் சாபத்தில் மிகவும் பயமாக இருப்பதே அதுதான்.

மூடி அடுத்து மாணவர்கள் மேலேயே சாபத்தைப் போட்டுப் பழக்குகிறார். டீன் தாமஸ் தேசிய கீதம் பாடிக்கொண்டே வகுப்பைச் சுற்றித் தத்தித் தத்திப் போகிறான். லாவெண்டர் பிரவுன் அணிலைப் போல நடிக்கிறாள். நெவில் சாதாரணமாக அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத ஜிம்னாஸ்டிக் வித்தையெல்லாம் காட்டுகிறான். அப்புறம் ஹாரியின் முறை.

அவனுக்கு மிதப்பது போல இருக்கிறது. தலைக்குள் இருந்த எண்ணம், கவலை எல்லாம் யாரோ மெல்லத் துடைத்துவிட்டது போல மறைந்து, ஏனென்றே தெரியாத ஒரு சந்தோஷம் மட்டும் மிச்சம் இருக்கிறது. சுற்றி இருப்பவர்கள் பார்ப்பதும் உறைக்கவில்லை. அந்த நிலையில் மேஜைமேல் குதி என்று மூடியின் குரல் தலைக்குள் எங்கோ தூரத்தில் கேட்கிறது. மறுக்க என்ன காரணம் இருக்கிறது?

என் அக்கா மகள் இந்த இடத்தைப் படித்துவிட்டு, “சித்தி, இது சாபம் மாதிரியே இல்லையே, லீவு விட்ட மாதிரி இருக்கு” என்றாள். சரியாகத்தான் பிடித்திருக்கிறாள். முடிவெடுக்கும் பாரத்தை யாரோ நம் தலையிலிருந்து இறக்கி வைக்கிறார்கள். வதைக்கும் சாபத்தில் மாட்டியவனுக்குத் தப்பிக்க வேண்டும் என்ற நினைப்பாவது இருக்கும். இதில் மாட்டியவனுக்கு அந்த நினைப்பே வராது.

அப்படியென்றால் ஹாரி எப்படி எதிர்த்தான்?

அந்தச் சுகத்துக்கு நடுவே இன்னொரு குரல் எழுகிறது. எதற்குக் குதிக்கணும், முட்டாள்தனமாக இருக்கிறதே என்று அது கேட்கிறது. வீராவேசம் எதுவும் கிடையாது. வகுப்பில் பின்பெஞ்சு மாணவன் முனகுவது போன்ற குரல்தான்.

விளைவும் அப்படியே அரைகுறையாக வருகிறது. குதிக்கவும் செய்கிறான், குதிக்காமல் இருக்கவும் முயல்கிறான். நேராகப் போய் மேஜையில் மோதி அதைக் கவிழ்க்கிறான், முழங்கால் சில்லு இரண்டும் உடைந்தது போல வலி. மூடிக்கு ஒரே சந்தோஷம். முழுதாக உதறித் தள்ளும் வரை நான்கு முறை தொடர்ந்து அவனைப் பயிற்சி எடுக்க வைக்கிறார்.

அதே புத்தகத்தின் இறுதியில், இடுகாட்டில் கதையின் வில்லன் வோல்டமார்ட் இதே சாபத்தைப் போட்டு ‘வேண்டாம் என்று சொல்’ என்று கட்டளையிடுகிறான். அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் போதும், சுகமாக இருக்கலாம். ‘மாட்டேன்’ என்று ஹாரி கத்துகிறான். அந்தக் கத்தலில் மயக்கம் கலைவது, மேலே குளிர்ந்த தண்ணீரை ஊற்றியது போல இருந்ததாகப் புத்தகம் சொல்கிறது.

எதிர்க்கத் தனி மந்திரமோ தாயத்தோ கிடையாது. மன உறுதி வேண்டும், அது எல்லோருக்கும் வாய்க்காது என்று மூடியே சொல்கிறார். ஆனால் நான்கு முறை பயிற்சி என்பதைக் கவனியுங்கள். பழகவும் பழகலாம்.

ஒரு ஆசிரியர் மாணவர்கள்மேல் இதைப் போடலாமா? அது சட்டவிரோதம் இல்லையா?

சட்டவிரோதம்தான். ஹெர்மயனியும் வகுப்பிலேயே அதைக் கேட்கிறாள். இதன் உணர்வு எப்படி இருக்கும் என்று நீங்கள் தெரிந்துகொள்ளத் தலைமையாசிரியர் டம்பிள்டோர் விரும்புகிறார் என்று மூடி பதில் சொல்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், அவர் மூடியே இல்லை. பாலிஜூஸ் பானத்தைக் குடித்து மூடியின் உருவத்தில் திரியும் பார்ட்டி கிரவுச் ஜூனியர். அவனுடைய கதையை நினைத்துப் பாருங்கள். அம்மா அவன் உருவத்தில் அஸ்கபான் சிறைக்குள் போய் உயிரை விட, அப்பா அவனை ரகசியமாக வீட்டுக்குக் கொண்டுவந்து, பத்து வருடத்துக்கும் மேலாக இதே இம்பீரியஸ் சாபத்தில் வைத்திருக்கிறார். இரவு பகலாக மாயப்போர்வைக்குள் இருந்தபடி, வீட்டு வேலைக்காரக் குறளி விங்கியின் காவலில் அவன் வாழ்க்கை போகிறது. குவிடிச் உலகக்கோப்பை சமயத்தில்தான் சாபத்தை எதிர்க்க ஆரம்பிக்கிறான். நடுநடுவே கொஞ்ச நேரம் தன்னிலைக்கு வருகிறான். அப்படி வந்த ஒரு நிமிடத்தில், முன்னால் உட்கார்ந்திருந்த பையனின் பாக்கெட்டில் ஒரு மந்திரக்கோல் துருத்திக்கொண்டு நிற்பது கண்ணில் படுகிறது. அது ஹாரியின் கோல்.

இம்பீரியஸை எப்படி உதறுவது என்று ஹாரிக்குச் சொல்லிக்கொடுத்தவன், அந்த மந்திரத்தை உள்ளிருந்து அறிந்தவன். முதல்முறை படிக்கும்போது இது தெரியாது. இரண்டாம் முறை அந்த வகுப்பைப் படித்தால், ஹாரி எதிர்த்தபோது மூடி ஏன் அவ்வளவு உற்சாகமாகக் கத்தினார் என்பது வேறு மாதிரி கேட்கும்.

மாட்டியவரைப் பார்த்தால் தெரியுமா?

பெரும்பாலும் தெரியாது. நான்காம் படத்தில் போட்டிக்கான புதிர்ப்பாதைக்குள், போட்டியாளன் விக்டர் கிரமின் கண்கள் வெளிறித் தெரியும், அதனால் பலருக்கும் ‘கண்ணைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம்’ என்ற எண்ணம் இருக்கிறது. அது திரைக்காகச் செய்தது. ஆறாம் புத்தகத்தில் மதுக்கடை நடத்தும் மேடம் ரோஸ்மெர்ட்டா மாதக்கணக்கில் டிராக்கோ மால்ஃபாயின் கட்டுப்பாட்டில் இருக்கிறாள். வழக்கம்போல ஊற்றிக் கொடுக்கிறாள், பேசுகிறாள். டம்பிள்டோருக்கே தெரியவில்லை.

சாபம் சரியாகப் போடப்படவில்லை என்றால் மட்டும் வெளியே தெரிந்துவிடும். மந்திரம் தெரியாத சாதாரண மக்களின் அரசாங்கத்தில் துணை அமைச்சராக இருந்த ஹெர்பர்ட் சோர்லி, அரைகுறையாக விழுந்த சாபத்தால் வாத்து போலக் கத்த ஆரம்பித்துவிடுகிறார். ஹாக்வார்ட்ஸ் பள்ளி மாணவி கேட்டி பெல்லின் தோழியும், கழிப்பறையிலிருந்து திரும்பியபோதே அவள் ஒரு மாதிரி இருந்தாள் என்கிறாள். ஆனால் அதைச் சொல்வது கேட்டி சபிக்கப்பட்ட நெக்லஸைத் தொட்டு அந்தரத்தில் எழும்பி அலறியதற்கு அப்புறம்தான்.

எவ்வளவு காலம் நீடிக்கும்?

ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் நிற்கும் என்று கிடையாது. ஏழாம் புத்தகத்தில் கிரிங்காட்ஸ் வங்கிக்குள் போக்ராட் என்ற காப்ளின் (வங்கியை நடத்தும் குள்ள இனத்தவன்) மேல் ஹாரி போட்ட சாபம், மந்திரத்தைக் கழுவும் அருவியில் கலைந்து, மறுபடி போட வேண்டி வருகிறது. போதுமான பலத்தோடு போட்டோமா என்று ஹாரிக்கே சந்தேகம். அவன் கற்றுக்குட்டி. தேர்ந்தவர்கள் போட்டால் வருடக்கணக்கில் நிற்கும், ஆனால் அங்கேயும் மேற்பார்வை தேவைப்படுகிறது.

பெரிய கிரவுச்சின் முடிவைப் பாருங்கள். மகனை இத்தனை வருடம் சாபத்தில் வைத்திருந்தவர்மேல் வோல்டமார்ட் அதே சாபத்தைப் போடுகிறான். வீட்டில் அடைபட்டபடியே அலுவலகத்துக்கு ஆந்தை வழியே உத்தரவுகள் அனுப்புகிறார். மெல்ல எதிர்க்க ஆரம்பித்து, ஒருநாள் தப்பி, ஹாக்வார்ட்ஸ் காட்டோரம் வந்து சேர்கிறார். கிழிந்த அங்கி, ரத்தம், மழிக்காத முகம். ஒரு மரத்தைத் தன் உதவியாளர் பெர்சி என்று நினைத்து, போட்டிக்கு எத்தனை மாணவர்கள் வருகிறார்கள் என்று கடிதம் அனுப்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார். திடீரென்று ஹாரியின் அங்கியை இறுகப் பிடித்து, டம்பிள்டோரைப் பார்க்க வேண்டும், எல்லாம் என் தவறு என்று திக்கித் திணறிச் சொல்கிறார். மறுநிமிடம் மறுபடி மரத்திடம் அலுவலக வேலை. மனம் உள்ளே இழுபறியாக இருப்பதை இதைவிட நன்றாக யாரும் எழுதிக் காட்டி நான் படித்ததில்லை.

சாபத்தில் இருப்பவரை வைத்து இன்னொருவரைச் சபிக்கலாமா?

முடியும். டிராக்கோ ரோஸ்மெர்ட்டாவைப் பிடித்தான். அவள் தன் கடைக் கழிப்பறையில் காத்திருந்து, தனியாக வந்த கேட்டியை அதே சாபத்தில் வீழ்த்தி நெக்லஸைக் கொடுத்தனுப்பினாள். கிரமும் அப்படித்தான், சாபத்தில் இருந்தபடியே சக போட்டியாளன் செட்ரிக் மேல் வதைக்கும் சாபத்தைப் போடுகிறான். நம்மூரில் ‘ஏவல்’ என்று ஒரு சொல் உண்டே, அது இந்தச் சங்கிலிக்கு அச்சாகப் பொருந்தும். ஏவியவன் எங்கோ உட்கார்ந்திருப்பான், கை வேறொருவருடையதாக இருக்கும்.

இதற்கு என்ன தண்டனை?

சக மனிதர்மேல் போட்டால் ஆயுள் முழுக்க அஸ்கபான். 1717-இலேயே மூன்று சாபங்களும் மன்னிக்க முடியாதவை என்று வகைப்படுத்தப்பட்டுவிட்டன. ஆனால் வோல்டமார்ட்டுடன் நடந்த முதல் போரில், ஆரர்கள் எனப்படும் காவலர்கள் இவற்றைப் பயன்படுத்தலாம் என்று அனுமதி கொடுத்தவர் யார் தெரியுமா? அதே பெரிய கிரவுச்.

‘என்னைச் சாபத்தில் வைத்திருந்தார்கள்’ என்று சொல்லித் தப்பிவிடலாமே?

தப்பினார்களே! 1981-இல் வோல்டமார்ட் விழுந்ததும், அவன் அடியாட்களான டெத் ஈட்டர்களில் பலர் சொன்னது இதைத்தான். டிராக்கோவின் அப்பா லூசியஸ் மால்ஃபாய் அதைச் சொல்லியே வெளியே வந்து, மாளிகையில் மயில் வளர்த்துக்கொண்டு, அமைச்சருடன் கைகுலுக்கிக்கொண்டு வாழ்ந்தார். யார் ஆட்டுவிக்கப்பட்டார்கள், யார் விரும்பி ஆடினார்கள் என்று பிரிக்க முடியாமல் மந்திரவாதிகளின் அரசாங்கமான அமைச்சகம் திண்டாடியதாக மூடி வேடத்தில் இருப்பவனே வகுப்பில் சொல்கிறான்.

மறுபக்கம் ஸ்டர்ஜிஸ் பாட்மோர். அமைச்சகத்தில் பூட்டிய கதவைத் திறக்க முயன்றார் என்று ஆறு மாதம் உள்ளே போட்டார்கள். அவரைச் சாபத்தில் வீழ்த்தியது லூசியஸாகத்தான் இருக்கும் என்பது ஹெர்மயனியின் கணிப்பு. அது சரியென்றால், பொய்யாகச் சாபத்தைச் சொன்னவர் மாளிகையில், நிஜமாகவே மாட்டியவர் சிறையில்.

ப்ரோடரிக் போடின் கதை இன்னும் மோசம். அவரையும் லூசியஸ்தான் சாபத்தில் வைத்து, தீர்க்கதரிசனக் குமிழைத் திருடிவரச் சொல்கிறார். அதைத் தன்னால் எடுக்க முடியாது என்று அமைச்சகத்தில் வேலை பார்த்த போடுக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு பலமாக எதிர்த்தார் என்று பின்னால் தெரியவருகிறது. கடைசியில் கட்டளை ஜெயித்தது, காவல் மந்திரம் தாக்கிப் பேச்சிழந்து மருத்துவமனையில் கிடந்தார். தேறிவரும்போது கிறிஸ்துமஸ் பரிசாகத் தொட்டிச்செடி ஒன்று வந்தது. அது ஆளை நெரிக்கும் செடி.

இவ்வளவு வலுவான மந்திரம் இருக்கும்போது வோல்டமார்ட் எல்லோரையும் இதிலேயே பிடித்திருக்கலாமே?

இது ஒவ்வொரு ஆளாகப் போட வேண்டிய மந்திரம். ஏழாம் புத்தகத்தின் தொடக்கத்தில் சட்டத்துறைத் தலைவர் பயஸ் திக்நெஸ்ஸை மிகவும் சிரமப்பட்டுத்தான் சாபத்துக்குள் கொண்டுவர முடிந்தது என்று யாக்ஸ்லி சொல்கிறான். அவர் ஒருவர்தானே என்கிறான் வோல்டமார்ட். கணக்கு சரி. சரியான ஒரு ஆளைப் பிடித்தால், மீதியை நாற்காலி பார்த்துக்கொள்ளும். அமைச்சர் கொல்லப்பட்டதும் திக்நெஸ் அமைச்சராகிறார், அதற்கப்புறம் கையெழுத்துகள் தானாக வருகின்றன.

அமைச்சகத்தில் வேலை செய்யும் ஆயிரம் பேருக்கும் சாபம் தேவைப்படவில்லை. சம்பளம், பயம், பழக்கம் போதுமாக இருந்தது. டோலரஸ் அம்ப்ரிட்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். மந்திரம் தெரியாத குடும்பத்தில் பிறந்தவர்களை வரிசையில் நிறுத்தி விசாரித்துச் சிறைக்கு அனுப்பும் ஆணையத்துக்கு அவள்தான் தலைவி. அவள்மேல் யாரும் எந்த மந்திரமும் போடவில்லை. தலையில் வெல்வெட் ரிப்பன் கட்டிய அந்த அம்மாள் முகத்தில் தெரிவது சொந்தச் சந்தோஷம். இந்தக் கதையில் வரும் மனமயக்கங்களை எல்லாம்விட அவளைப் படிக்கும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஹாரியே இதைப் பயன்படுத்தினானா?

ஆமாம், கிரிங்காட்ஸில். மாயப்போர்வைக்குள் நின்றுகொண்டு, போக்ராட் மேலும் டெத் ஈட்டர் டிராவர்ஸ் மேலும் போடுகிறான். கையில் இருந்தது டிராக்கோவிடமிருந்து பறித்த மந்திரக்கோல். மந்திரத்தைச் சொன்னதும், மனதில் கிளம்பிய ஒரு இளஞ்சூடு நரம்பு வழியாகக் கையில் இறங்கிக் கோலுக்குப் போவதை உணர்கிறான். போடுபவனுக்கும் சுகம்தான் போல! வங்கிச் சுரங்கத்தில் எல்லா மந்திரத்தையும் கழுவிவிடும் அருவி ஒன்று இருக்கிறது. அதில் நனைந்ததும் போக்ராட் தெளிந்து, நான் எங்கே இருக்கிறேன் என்று விழிக்கிறான்.

ஹாக்வார்ட்ஸ் போருக்கு முன் பேராசிரியை மெகோனகலும் டெத் ஈட்டர்களான கேரோ அண்ணன் தங்கையில் அண்ணன்மேல் இதைப் போடுகிறார். அண்ணன் எழுந்துபோய்த் தன் மந்திரக்கோலை மெகோனகலிடம் கொடுத்துவிட்டு, தங்கைக்குப் பக்கத்தில் சமர்த்தாகப் படுத்துக்கொள்கிறான். நல்லவர்கள் போட்டால் மன்னிக்கலாமா என்று கதை எங்கேயும் நின்று விவாதிப்பதில்லை, அப்படியே கடந்து போகிறது. ரோலிங் இங்கே கொஞ்சம் நழுவிவிட்டார் என்பது என் அபிப்பிராயம்.

காதல் பானமும் இதே வேலையைத்தானே செய்கிறது?

கிட்டத்தட்ட. ஆனால் இம்பீரியஸுக்கு ஆயுள் தண்டனை, காதல் பானத்துக்கு கடையில் விலைப்பட்டியல்! வீஸ்லி இரட்டையர்கள் அதைக் கடையில் வைத்து விற்கிறார்கள். பையனின் எடையைப் பொறுத்து இருபத்துநான்கு மணிநேரம் வரை வேலை செய்யும் என்று விளக்கமும் சொல்கிறார்கள். நம் சினிமாவில் ‘சொக்குப்பொடி போட்டுட்டா’ என்று சிரிக்க வைப்பது போலத்தான் அங்கேயும் நடத்துகிறார்கள். ஹாரிக்கு வந்த சாக்லேட்டை ரான் தின்றுவிட்டு, பேசியே இராத ரொமில்டா வேனுக்காக உருகுவது சிரிப்பான காட்சி. ஆனால் அதே புத்தகத்தில்தான் வோல்டமார்ட்டின் தாய் மெரோப் டாம் ரிடிலைக் கல்யாணம் செய்துகொண்ட கதையும் வருகிறது. காதல் பானம் கொடுத்திருப்பாள், கர்ப்பமானதும் கொடுப்பதை நிறுத்தியிருப்பாள் என்று டம்பிள்டோர் ஊகிக்கிறார். கண் தெளிந்தவன் மனைவியை விட்டுவிட்டு ஊருக்கு ஓடிவிடுகிறான்.

லெஜிலிமென்ஸியும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது மனதுக்குள் இருப்பதைத் துழாவிப் பார்ப்பது, இது மனதை ஓட்டுவது. அதைத் தடுக்கும் ஆக்லுமென்ஸியில் ஹாரி படுமோசம், இம்பீரியஸை உதறுவதிலோ கெட்டிக்காரன். இரண்டும் வேறு வேறு திறமை. ஆக்லுமென்ஸிக்கு உணர்ச்சியை அடக்கி மனதைக் காலியாக வைக்க வேண்டும். இம்பீரியஸோ மனதைத் தானே காலியாக்கிவிடும். அதை எதிர்க்கத் தேவைப்படுவது கொஞ்சம் எரிச்சலும் பிடிவாதமும். ஹாரியிடம் அது நிறையவே உண்டு.

உடலுக்குள் புகுவதும் இதில் சேருமா?

சேராது. இரண்டாம் புத்தகத்தில் நாட்குறிப்பு வழியாக ரானின் தங்கை ஜின்னிக்குள் வோல்டமார்ட் புகுந்தது வேறு வகை. அவளுக்குச் சில மணிநேரங்கள் நினைவிலேயே இருக்காது, உடையில் கோழி இறகு ஒட்டியிருக்கும், எப்படி வந்தது என்று தெரியாது.

எந்த அத்தியாயங்களைத் திரும்பப் படிக்கலாம்?

நான்காம் புத்தகத்தில் சிலந்தி வருவது 14, மாணவர்கள்மேல் சாபம் போடுவது 15. பெரிய கிரவுச் மரத்திடம் பேசுவது 28, இடுகாட்டில் ஹாரி கத்துவது 34, மகன் வாக்குமூலம் கொடுப்பது 35. ஏழாம் புத்தகத்தில் வங்கிக் காட்சி 26. நேரமில்லாதவர்கள் 15-ஐயும் 35-ஐயும் மட்டும் படியுங்கள், ஆனால் 35-ஐ முதலில் படித்துவிட்டு அப்புறம் 15-க்கு வாருங்கள்.